கேள்வி உங்களுடையது: மரியன் கீஸ் சிரிக்க வைக்கும் விதம்

போன இதழில் ஒரு வாசகி, "மனசு சரியில்லாத நாட்களில் யாருடைய புத்தகத்தை எடுப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். அயர்லாந்து எழுத்தாளர் மரியன் கீஸ் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சிலர் ஆர்வமாக, சிலர் கோபமாக, ஒருவர் தன் வீட்டுக் கதையையே எழுதி. அதனால் இந்த முறை சினிமா, அரசியல், சமையல் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்கு. இன்றைக்கு முழுக்க மரியன் கீஸ்தான்.

கே: யார் இந்த மரியன் கீஸ்? நான் கேள்விப்பட்டதே இல்லை. எப்படி எழுத வந்தார்?
– இல்லத்தரசி, கும்பகோணம்

ப: 1963 செப்டம்பரில் அயர்லாந்தின் லிமரிக் நகரில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். டப்ளினில் சட்டம் படித்தார், ஆனால் வக்கீலாகவில்லை. லண்டனுக்குப் போய் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார், அப்புறம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தார். அந்த வருடங்களில் குடி அவரை முழுசாகப் பிடித்துக்கொண்டது. 1993இல், முப்பது வயதில், குடி உச்சத்தில் இருந்தபோதுதான் முதல் சிறுகதையை எழுதினார். அதற்குச் சில மாதங்களிலேயே உயிரை விடத் துணிந்து, காப்பாற்றப்பட்டு, 1994 தொடக்கத்தில் டப்ளினில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். அதன் பிறகு இன்று வரை குடிக்கவில்லை.

மையத்திலிருந்து வந்தபின் தன் கதைகளைப் பூல்பெக் என்ற அயர்லாந்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம், தான் ஒரு நாவலும் எழுதிக்கொண்டிருப்பதாக. உண்மையில் அப்போது நாவலில் ஒரு வரி கூட எழுதியிருக்கவில்லை. பதிப்பகத்தார் "அந்த நாவலை அனுப்புங்கள் பார்க்கலாம்" என்றதும் ஒரே வாரத்தில் நான்கு அத்தியாயங்களை எழுதி அனுப்பினார், மூன்று புத்தகங்களுக்கு ஒப்பந்தம் கையில் வந்தது. 1995இல் 'வாட்டர்மெலன்' வெளியானது. பிரசவம் முடிந்து குழந்தையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மனைவியிடம், அன்றைக்கே, "நான் வேறொருத்தியோடு போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான் ஒரு கணவன். கதை அங்கே ஆரம்பிக்கிறது. இதை நம் ஊரில் சொன்னால் கைக்குட்டையைத் தேடுவோம். அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் வந்த புத்தகங்களையும் சேர்த்தால் விற்பனை மூன்று கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது.

கே: குடியையும் போதையையும் வைத்து நகைச்சுவை எழுதுகிறாராமே. என் அப்பா குடித்தே செத்தார். அம்மா பட்டது எனக்குத் தெரியும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?
– வாசகி, சேலம்

ப: உங்கள் கோபம் நியாயமானது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவருடைய 'ரேச்சல்ஸ் ஹாலிடே' நாவலின் ரேச்சல் வால்ஷுக்கு இருபத்தேழு வயது, நியூயார்க்கில் இருக்கிறாள். போதை மருந்து எல்லை மீறி ஆஸ்பத்திரியில் விழுந்தவளை, டப்ளினில் உள்ள குடும்பம் திருப்பி அழைத்துக்கொண்டு வந்து ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறது. அவள் எப்படிச் சம்மதிக்கிறாள் தெரியுமா? அங்கே வெந்நீர்த் தொட்டி இருக்கும், உடற்பயிற்சிக்கூடம் இருக்கும், சினிமா, பாட்டு என்று பிரபலமானவர்கள் எல்லாம் வந்து தங்குவார்கள், கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு உடம்பு இளைத்து வரலாம் என்று நினைத்துக்கொண்டு. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அவளுக்குச் சந்தேகம். நான் கான்வென்ட்டில் படித்த நடுத்தர வீட்டுப் பெண், என்னை எப்படிப் போதைக்கு அடிமை என்று சொல்கிறார்கள், அடிமைகள் என்றால் இன்னும் ஒல்லியாக அல்லவா இருப்பார்கள்?

நாமும் சிரித்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பேச்சை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். "நான் என்ன தினமுமா குடிக்கிறேன்?", "ஒரு நாளாவது வேலைக்குப் போகாமல் இருந்திருக்கேனா?", "ரோட்டுல விழுந்து கிடக்கிறவனைப் போய்ப் பாரு, அவன்தான் குடிகாரன்." உங்கள் வீட்டிலும் இந்த வசனங்கள் கேட்டிருக்கும். ரேச்சல் பேசுவதும் அதேதான். தன்னிடமே பொய் சொல்லிக்கொள்ளும் ஒருத்தி, அந்தப் பொய்யை அழகாக, நகைச்சுவையாகச் சொல்கிறாள், நாம் அவள் பக்கம் சேர்ந்துகொள்கிறோம். அவள் சொல்கிற கதையில் அவள் காதலன் லூக் கொஞ்சம் மட்டம், அக்கா தங்கைகள் தொல்லை, தோழி சந்தேகப் பிராணி. நூறு பக்கம், இருநூறு பக்கம் அதையே நம்பிக்கொண்டு போகிறோம்.

அப்புறம் அந்த மையத்தின் வழக்கப்படி, நோயாளியோடு வாழ்ந்தவர்களைக் கூப்பிடுகிறார்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி அவர்கள் சொல்ல வேண்டும். லூக் வருகிறான். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அதுவரை நாம் சிரித்த ஒவ்வொரு காட்சியும் திரும்பி வருகிறது, இந்த முறை அவன் பார்த்த பக்கத்திலிருந்து. அதே இரவு, அதே விருந்து, அதே ரேச்சல், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது, நமக்கும்தான், ஏனென்றால் நாமும் அவள் பேச்சில் மயங்கி உடந்தையாக இருந்திருக்கிறோம். குடிப்பவரின் வீட்டில் இருப்பவர்கள் பல வருடங்கள் எப்படி அந்தப் பேச்சை நம்பி ஏமாந்தார்கள் என்பதை இதைவிட நேராக எனக்குக் காட்டிய புத்தகம் வேறு கிடையாது. உபதேசம் செய்து எழுதியிருந்தால் நாம் முதல் பக்கத்திலேயே ரேச்சலைத் திட்டிவிட்டு நல்லவர்களாக வெளியே நின்றிருப்போம்.

உங்கள் அம்மா பட்ட பாட்டை இந்தப் புத்தகம் கேலி செய்யவில்லை, அம்மா. லூக் பேசும் அந்த அத்தியாயம் உங்கள் அம்மாவின் பக்கம் நிற்கிறது. முடிந்தால் அந்த இடம் வரைக்குமாவது படித்துப் பாருங்கள், படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கே: இந்தக் கதாபாத்திரங்கள் எல்லாம் அவருக்கு எங்கிருந்து கிடைக்கிறார்கள்?
– வங்கி ஊழியர், மதுரை

ப: பெரும்பாலும் வீட்டிலிருந்து, முக்கியமாகச் சமையலறை மேஜையைச் சுற்றி நடக்கும் பேச்சிலிருந்து. அவருடைய அம்மா கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அயர்லாந்தில் இன்றும் வாய்மொழிக் கதைக்கு மதிப்பு அதிகம். கடைக்குப் போய் வந்ததைக்கூட ஆரம்பம், திருப்பம், முடிவு என்று வைத்துச் சொல்லத் தெரிந்தவர்கள். மரியனின் நடையே அந்தப் பேச்சுதான். பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டித் தட்டிச் சொல்கிற மாதிரி இருக்கும், நடுவில் விஷயத்தை விட்டு எங்கேயோ போவார், சரியான நேரத்துக்குத் திரும்பி வருவார்.

வால்ஷ் குடும்பத்தை வைத்து மட்டும் ஏழு நாவல்கள் எழுதியிருக்கிறார். கிளேர், மேகி, ரேச்சல், அன்னா, ஹெலன் என்று ஐந்து சகோதரிகள், அதிகம் பேசாத அப்பா, எல்லோரையும் ஆட்டி வைக்கும் அம்மா. இந்த மம்மி வால்ஷ் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். சமைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டவர். தான் சமைத்ததைக் குடும்பமே நக்கலடித்ததால் கரண்டியைக் கீழே போட்டார், அதன் பிறகு வீடு கடைச் சாப்பாட்டிலும் மைக்ரோவேவிலும் ஓடுகிறது. மனம் உடைந்து பிறந்த வீட்டுக்கு வந்த கிளேர் ஒரு நாள் தானே பொருள் வாங்கி வந்து சமைத்தால், அதைத் தட்டில் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். கதைகளில் அம்மா என்றாலே அடுப்பங்கரையில் வியர்வையோடு நிற்கும் தெய்வம் என்று படித்துப் பழகிய எனக்கு இந்த அம்மா பெரிய ஆறுதல். சமைக்காத அம்மா, பெண்கள் மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா, இரண்டும் ஒரே ஆள்தான், அதற்காக நாவலில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

கே: தினமும் எத்தனை மணிக்கு எழுதுவார்? திட்டம் போட்டு எழுதுவாரா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ப: பெரிய மேஜை, நாற்காலி எதுவும் தேவையில்லை தம்பி, படுக்கையில் சாய்ந்துகொண்டு மடிக்கணினியில் எழுதுபவர். கதையை முன்கூட்டி அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு வைத்துக்கொள்வதில்லை. முதலில் ஒரு ஆள் மனதில் வரவேண்டும், அவளுக்கு என்ன பிரச்சினை, அவள் எதை மறைக்கிறாள் என்பது தெரியவேண்டும், மீதி எழுத எழுத வரும். கணவர் டோனி தன் கணினி வேலையை விட்டுவிட்டு அவருடைய அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொள்கிறார், எழுதியதை முதலில் படிப்பவரும் அவர்தான். இந்தக் கடைசி விஷயத்தை வாசகிகள் பலர் பெருமூச்சோடு படிப்பார்கள் என்று தெரியும்.

கே: பெண்கள் எழுதும் நகைச்சுவையை ஏன் யாரும் இலக்கியமாக எடுத்துக்கொள்வதில்லை? ரயிலில் படிக்கிற புத்தகம் என்று ஒதுக்கிவிடுகிறார்களே?
– ஆசிரியை, நாகர்கோவில்

ப: இந்தக் கேள்விக்கு மரியன் கீஸே மேடையேறிப் பதில் சொல்லியிருக்கிறார்.

பிரிட்டனில் நகைச்சுவை நாவலுக்கென்றே பொலிஞ்சர் எவ்ரிமேன் வுட்ஹவுஸ் பரிசு என்று ஒன்று 2000இலிருந்து இருக்கிறது. வென்றவருக்கு ஷாம்பெயின், ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் எழுதிய நூல்கள், அதோடு ஒரு பன்றிக்கு வென்ற நாவலின் பெயரை வைப்பார்கள். 2018இல் போட்டிக்கு 62 புத்தகங்கள் வந்தன. நடுவர்கள் எல்லோரையும் சேர்ந்து சிரிக்க வைத்த புத்தகம் ஒன்று கூட இல்லை என்று சொல்லி அந்த வருடம் பரிசையே நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் வேல்ஸில் நடந்த ஹே இலக்கிய விழாவில் மரியன் கீஸ் வெளிப்படையாகப் பேசினார். அதுவரை அத்தனை வருடங்களில் பரிசு வாங்கிய பெண்கள் மூன்றே பேர். மெரினா லெவிட்ஸ்கா 2005இல், ஹெலன் ஃபீல்டிங் 2017இல், ஹன்னா ராத்ஸ்சைல்ட் 2016இல், அதுவும் ஓர் ஆணோடு பகிர்ந்து. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் என் புத்தகங்கள் சிரிப்பு வரவழைப்பவை, அதை மட்டும் இல்லை என்று சொல்லாதீர்கள் என்ற பொருளில் அவர் பேசியது அங்கே பெரிய விவாதமானது. நகைச்சுவை நடிகையும் எழுத்தாளருமான ஹெலன் லெடரர் பெண்களின் நகைச்சுவை எழுத்துக்கென்று தனிப் பரிசே தொடங்கினார், 2019இல் முதல் முறையாக அது கொடுக்கப்பட்டது.

எனக்கு அவர் பேச்சில் பிடித்தது அந்தத் தயக்கமின்மை. கோடிக்கணக்கில் விற்கும் எழுத்தாளருக்கு இந்தப் பரிசு கிடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஆண் தன் மணமுறிவைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினால் மனித வாழ்வின் அபத்தம் என்கிறார்கள், பெண் எழுதினால் அட்டையில் ரோஸ் நிறம் பூசி, உயரக் குதிகால் செருப்புப் படம் போட்டு, கடையின் வேறு மூலையில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே குடி, மனச்சோர்வு, குடும்ப வன்முறை, சாவு என்று என்ன இருந்தாலும் அட்டை அட்டைதான். 'திஸ் சார்மிங் மேன்' என்ற அவருடைய நாவல் 2008இல் வந்தது. ஊரே மெச்சும் ஓர் அரசியல்வாதி, அவனிடம் அடி வாங்கிய பெண்கள், அவர்கள் வாயைத் திறக்க எடுத்துக்கொள்ளும் காலம், இதுதான் கதை. இதைக் கடற்கரையில் பொழுதுபோக்கப் படிக்கும் புத்தகம் என்று சொல்பவர் அதைத் திறக்கவேயில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

கடைசியில் மரியாதையும் வந்தது, தாமதமாக. 2022இல் பிரிட்டிஷ் புக் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த எழுத்தாளர் விருது அவருக்குக் கிடைத்தது. ஆசிரியை என்கிறீர்கள், உங்கள் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும்போது பெண்கள் எழுதிய நகைச்சுவையையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கே: எல்லோரையும் சிரிக்க வைப்பவருக்கே மனச்சோர்வு வந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கொஞ்ச நாளாக எதிலும் பிடிப்பில்லை. சிரித்தே நாளாகிறது. அவர் எப்படி மீண்டார்?
– பெயர் வேண்டாம், திருச்சி

ப: முதலில் உங்களுக்கு. இந்தக் கடிதத்தை எழுதியதே நல்ல காரியம். அடுத்தது, ஒரு மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்போது அவர் கதை. 2009 கடைசியில் அவருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. 2010 ஜனவரியில் தன் வாசகர்களுக்கு வெளிப்படையாகவே எழுதினார், தூங்க முடியவில்லை, சாப்பிட முடியவில்லை, எழுதவோ படிக்கவோ யாரோடும் பேசவோ முடியவில்லை என்று. மருந்து, சிகிச்சை எல்லாம் நடந்தது. நடுவில் ஒரு நாள் தோழியின் பிறந்தநாளுக்காக கேக் செய்தார். அந்த ஒரு வேலையில் மனம் நின்றது. அதன் பிறகு கேக் செய்துகொண்டே இருந்தார். அதைப் பற்றி எழுதிய 'சேவ்ட் பை கேக்' 2012இல் வந்தது, உண்மையான சமையல் குறிப்புப் புத்தகம்தான். கேக் தன்னைக் குணப்படுத்திவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ஒரு நாளைக் கடத்த உதவியது என்றுதான் சொல்கிறார். அந்த நேர்மை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் நம்மிடம் "கோலம் போடு, கோயிலுக்குப் போ, சரியாகிடும்" என்று சொல்பவர்கள் அதிகம், மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன் வா என்பவர்கள் குறைவு.

அதே வருடம் 'தி மிஸ்டரி ஆஃப் மெர்சி க்ளோஸ்' வந்தது. வால்ஷ் வீட்டுக் கடைக்குட்டி ஹெலன் அதில் துப்பறிபவள். காணாமல் போன ஒரு பாடகனைத் தேடுகிறாள், தேடும்போதே அவளுக்குள் இருட்டு மூடிக்கொண்டு வருகிறது. வாயாடி ஹெலன் அந்த நிலையிலும் வாயாடிதான். தனக்குப் பிடிக்காத ஆட்கள், பொருட்கள், வார்த்தைகள் எல்லாவற்றையும் மண்வெட்டியால் ஒரு போடு போடவேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கிறாள், மண்வெட்டிப் பட்டியல் என்றே அதற்குப் பெயர். நாம் சிரிக்கிறோம், அதே பக்கத்தில் அவள் உயிரை விடும் யோசனையில் இருப்பதும் தெரிகிறது. மனச்சோர்வில் இருப்பவர் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டேதான் இருப்பார் என்ற எண்ணத்தை அந்தப் பட்டியல் உடைத்துவிடுகிறது. வேலைக்குப் போவார், ஜோக் அடிப்பார், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஆனால் உங்கள் மனசு இப்போது இருக்கும் நிலையில் இந்த நாவல் வேண்டாம், கொஞ்சம் தேறிய பிறகு படிக்கலாம். மறக்காமல் 14416.

கே: கதை எழுதுபவருக்கு அரசியல் எதற்கு?
– ஓய்வுபெற்ற அரசு அலுவலர், வேலூர்

ப: பெண்களின் வாழ்க்கையை எழுதினால் சட்டம் கதைக்குள் வந்துதானே தீரும் ஐயா. 2017இல் வந்த 'தி பிரேக்' நாவலில் ஒரு கணவன் ஆறு மாதம் திருமணத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறான், அது மேல்கதை. அதற்குள் அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்குக் கருக்கலைப்பு தேவைப்படுகிறது. அன்றைக்கு அயர்லாந்தில் அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, குடும்பம் தவிக்கிறது. அந்தச் சட்டத்தால் 2012இல் இறந்த சவிதா ஹாலப்பனாவரை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர். கரு கலைந்துகொண்டிருந்த நிலையில் கருக்கலைப்பு கேட்டும் மறுக்கப்பட்டு, ரத்தத்தில் தொற்று பரவி உயிரிழந்தார். அயர்லாந்துப் பெண்கள் அவர் படத்தை ஏந்தி வீதிக்கு வந்தார்கள். 2018 மே 25ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் சட்டத்தை மாற்ற வாக்களித்தார்கள். அந்தப் பிரசாரத்தில் மரியன் கீஸ் வெளிப்படையாக நின்றார். நின்றதற்காக அவரை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

கே: எனக்கு 41 வயது. இரண்டு பிள்ளைகள். எழுத ஆசை. வீட்டில் நடப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இதை யார் படிப்பார்கள்?
– வாசகி, திருப்பூர்

ப: கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்த மரியனுக்கும் வீட்டில் நடப்பதும் தனக்கு நடந்ததும்தான் தெரியும். உங்கள் மாமியார் தொலைபேசியில் பேசும் விதம், மூத்தவன் பொய் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்ப்பான், பனியன் கம்பெனி வாசலில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் என்ன பேசிக்கொண்டு போகிறார்கள், இதெல்லாம் உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு எனக்குத் தெரியாது. பேசுகிற மாதிரி எழுதுங்கள். எழுதியதை யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், எங்கே அவர்கள் செல்போனை எடுக்கிறார்களோ அங்கே வெட்டுங்கள். 2021 ஜனவரியில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், நாவல் எழுத விரும்புகிறவர்களுக்காக மரியன் இன்ஸ்டாகிராமில் இலவசமாக வகுப்பு எடுத்தார். ஆங்கிலம் பழக்கமிருந்தால் அந்தக் காணொளிகளைத் தேடிப் பாருங்கள்.

கே: சரி, எதிலிருந்து ஆரம்பிக்க?
– நிறையப் பேர்

ப: சுலபமான ஆங்கிலம்தான், அயர்லாந்துப் பேச்சு வழக்கு முதல் சில பக்கங்கள் படுத்தும், அப்புறம் பழகிவிடும். நேராக 'ரேச்சல்ஸ் ஹாலிடே' எடுங்கள். பிடித்திருந்தால் பின்னால் போய் 'வாட்டர்மெலன்', அதன் பிறகு வரிசையாக 'ஏஞ்சல்ஸ்', 'எனிபடி அவுட் தேர்', 'மெர்சி க்ளோஸ்'. 'எனிபடி அவுட் தேர்' பற்றி எதையும் முன்கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்ளாதீர்கள், பின்னட்டையைக்கூடத் திருப்பாதீர்கள். ரேச்சலின் நடுவயதைச் சொல்லும் 'அகெய்ன், ரேச்சல்' 2022இல் வந்தது, முதல் புத்தகத்தைப் படிக்காமல் அதைத் தொடாதீர்கள். அன்னாவின் அடுத்த கதை 'மை ஃபேவரிட் மிஸ்டேக்' 2024இல் வந்தது, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். இந்தக் குடும்பத்தை வைத்து 'தி வால்ஷ் சிஸ்டர்ஸ்' என்று அயர்லாந்துத் தொலைக்காட்சியில் 2025இல் தொடரும் வந்துவிட்டது, ஆனால் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள், மம்மி வால்ஷின் குரலை முதலில் நீங்களே கேட்டுக்கொள்வது நல்லது.